ஸ்டேசனில் பால் காய்ச்சிய கதை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. மருத்துவிச்சி வேலை பார்த்தவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த வேலையில் முக்கால்வாசி காத்திருப்புத்தானே. பிள்ளை வரும்வரை ஒரு பெண்ணின் தலைமாட்டில் எவ்வளவு நேரமும் உட்கார்ந்திருப்பேன். ரயில் வரும்வரை மேடையில் நிற்கச் சொன்னால் முடியாது. கால் ஓரிடத்தில் தரிக்காது. தண்டவாளம் வளைந்து மறைகிற இடத்தையே பார்த்துப் பார்த்துக் கண் நோகும். அந்த நாளில் பார்க்கிறவர்கள் எல்லாரிடமும் எரிந்து விழுந்திருக்கிறேன். பாவம், அவர்களா ரயிலைப் பிடித்து வைத்திருந்தார்கள்?

நான் யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்பில் பயிற்சி முடித்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஹாலிஎலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தேன். சுகப்பிரசவம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து அறையிலேயே பார்த்துவிடுவேன். சிக்கல் வரும் என்று தெரிந்தால் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளுக்கு. துரையின் கார் துரைக்கு. கர்ப்பிணிகளுக்கு ரயில்தான். லயத்திலிருந்து ஒற்றையடிப் பாதை செங்குத்தாக இறங்கி ஸ்டேசனுக்குப் போகும். ஒரு நாற்காலியில் மூங்கில் கட்டி, அதில் அவளை உட்காரவைத்து, மேலே கம்பளியைப் போட்டு ஆண்கள் தூக்கி வருவார்கள்.

வந்து சேர்ந்தால் அங்கே என்ன இருந்தது? ஸ்டேசன் மாஸ்டரின் அறை ஒன்று, அதற்குப் பக்கத்தில் சுவரில்லாத ஒரு தகரக் கொட்டகை. மழை பெய்தால் சாரல் கொட்டகையின் இந்தப் பக்கத்தால் புகுந்து அந்தப் பக்கத்தால் போகும். தேயிலைப் பெட்டிகளுக்கும் வெலிமடையிலிருந்து வந்த மரக்கறி மூட்டைகளுக்கும் நடுவில் சாக்கை விரித்து அவளைக் கிடத்துவோம். வலி வந்து அவள் முனகினால் மேடையில் நிற்கிற ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் இன்னொருத்தியும் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்போம். கதவு வைத்த ஒரு அறை, ஒரே ஒரு அறை வேண்டும் என்று அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நினைப்பேன்.

அப்படி நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஸ்டேசனைப் புதுப்பிக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது என்ற செய்தி வந்தது. மணலும் கருங்கல்லும் சீமெந்து மூட்டைகளும் வந்து இறங்கின. ஓவசியர் ஒருவர் காக்கிக் கால்சட்டையோடு வந்து அளந்துகொண்டு திரிந்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் படுக்கக்கூடிய மாதிரி ஒரு அறை வேண்டும் என்று கேட்டதற்கு, அது வரைபடத்திலேயே இருக்கிறது, பெண்கள் தங்கும் அறை, கண்ணாடிக் கதவு, மெழுகிய சிவப்புத் தரை, எல்லாம் வருகிறது என்றார். அன்று மேட்டில் ஏறித் திரும்பியபோது எனக்குக் களைப்பே தெரியவில்லை. அடுத்த நாள் போய் அந்த அறையின் அத்திவாரம் எங்கே வருகிறது என்று காட்டச் சொன்னேன். அதற்கடுத்த நாளும் போனேன். என்னைத் தூரத்தில் கண்டதும் ஓவசியர் சைக்கிளை எடுக்கத் தொடங்கினார்.

அரசாங்கப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு என்பதை அந்த வருஷம் தெரிந்துகொண்டேன். மாதக்கணக்காக அது அசையவே அசையாது. மணல் குவியலில் புல் முளைத்தது. பிறகு ஆகஸ்ட் பிறந்ததும் எல்லாரையும் பேய் பிடித்தது போலாயிற்று. அந்த நாளில் அரசாங்கத்தின் வருஷக் கணக்கு செப்டம்பரோடு முடியும். அதற்குள் செலவழிக்காத பணம் திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். அதனால் வேண்டியதும் வேண்டாததும் ஒன்றாக எழுந்தன. பூச்செடிக்குத் தொட்டி கட்டினார்கள். யாரும் நடக்காத மேடையின் கோடி வரைக்கும் சீமெந்து போட்டார்கள். பெயர்ப்பலகைக்கு இரண்டு தூண், தூணுக்கு உச்சியில் ஒரு கலசம். என் அறையும் எழுந்தது. அதற்குள் போட வந்த வாங்கைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல தேக்கு வாங்கு; ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் இடையில் ஒரு இரும்புக் கைப்பிடி. உட்காரலாம், படுக்க முடியாது. ஓவசியரிடம் சண்டைக்குப் போனேன். படுக்கிறதுக்கு இது என்ன சத்திரமா என்று கேட்டார். கதவாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் முடிந்தது, வேலையும் முடிந்தது. அறைக் கதவில் பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து நாடா வெட்டித் திறந்துவைக்க வேண்டுமாம். அவருக்கு நாள் ஒத்துவரவில்லை. அக்டோபர் மழை தொடங்கிவிட்டது. மழையில் நனைந்த பெண்களும் நானும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருந்த உலர்ந்த சிவப்புத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த மழைக்காலத்தில்தான் புது லயத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். சின்னப் பெண். முந்திய பிரசவத்தில் உதிரம் நிற்காமல் போய்ச் சாவின் விளிம்பு வரை போய் வந்தவள். பிறந்த பிள்ளையும் தங்கவில்லை. அது நான் வருவதற்கு முன் நடந்தது. இந்த முறை அவளை வலி காணுமுன்பே பதுளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுடைய மாமியார் கொழுந்தெடுக்கிறவள். நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டாள், வாய்க்காரி. மழை விடட்டும், நல்ல நாள் பார்த்துப் போகலாம் என்று இழுத்தாள். கடைசியில் ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில் வலி கண்டுவிட்டது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பெண்ணின் புருஷன் முன்னால் ஒரு மூங்கில் கொம்பைப் பிடித்திருந்தான். சேற்றில் அவன் கால் வழுக்கும்போதெல்லாம் என் உயிர் போய் வந்தது.

ஸ்டேசனுக்கு வந்தால் ரயில் இல்லை. தெமோதரைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து கிடக்கிறது, எப்போது விடும் என்று சொல்ல முடியாது என்றார் ஸ்டேசன் மாஸ்டர். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர்தான். நல்லவர், ஆனால் மேலிடம் என்ற சொல்லைக் கேட்டால் எழுந்து நிற்கிற சாதி. நான் தகரக் கொட்டகைக்கும் மேடை ஓரத்துக்குமாக நடந்தேன். போய்ப் பார்ப்பேன், வளைவில் ஒன்றும் தெரியாது. வந்து அவள் வயிற்றில் கை வைப்பேன். வலி நெருங்கிக்கொண்டே வந்தது. சாக்கு நனைந்து, அவள் முதுகுச் சேலை நனைந்து, குளிரில் பல் கிட்டித்தது. இனிப் பதுளை வரை தாங்காது, இங்கேதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உதிரம் போகிற உடம்பு, கொட்டுகிற மழை, சுற்றிவர ஆண்கள். நேரே மாஸ்டரின் மேசைக்குப் போய் அந்த அறையைத் திறக்கச் சொன்னேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. “பிள்ளை, பெரியவர் வந்து நாடா வெட்டாத அறை. நான் எப்பிடித் திறந்து விடுறது?”

“நாடாவை அவர் வந்து வெட்டட்டும், ஐயா. நான் வெட்டப்போறது தொப்புள்கொடி.”

அவர் மேசை லாச்சியை இழுத்துச் சாவியை எடுத்து, மூட்டை தூக்கும் போட்டரிடம் கொடுத்தார். போட்டர் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர். அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பி வந்து, தூக்குங்கள் என்றேன். யாரும் அசையவில்லை.

மாமியார்க்காரி மருமகளின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். “வேணாங்கம்மா,” என்றாள். “பால் காய்ச்சாத வீடு. இங்கயே கெடக்கட்டும்.”

எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்துவிட்டது. அரசாங்கத்தோடு சண்டை போட்டு ஒரு கதவைத் திறந்துகொண்டு வருகிறேன், இவள் சகுனம் பார்க்கிறாள். இது வீடில்லை, ஸ்டேசன் என்று கத்தினேன். கூரையும் கதவும் இருந்தால் அது வீடுதான் என்றாள். பெண்ணின் புருஷனை ஏசினேன். அவன் தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தான். கடைசியில் வலியில் கிடந்தவளிடமே குனிந்து, நீயாவது சொல்லடி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தை சொல்வதுதான் சரி, உள்ளே வேண்டாம் என்றாள்.

அப்போதுதான் மாமியார் அதைச் சொன்னாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“புது லயத்துக்கு நாங்க அப்புடித்தாங்க போனோம். காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல சொல்றாங்க, அன்னிக்கே சாமானத் தூக்குன்னு. ஒரு சொம்புப் பால் காய்ச்சிட்டுப் போறோமுன்னு கெஞ்சினேன். விடல. அந்த வீட்டுலதான் இவளுக்கு அப்புடி ஆச்சு. அந்த மாசமே புள்ளையும் போயிருச்சு. இன்னொரு வாட்டி பால் பொங்காத வீட்டுக்குள்ள இவள விட மாட்டேங்க.”

உதிரம் ஏன் போயிற்று என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது, அவளிடம் ஒன்று இருந்தது. அவளுடைய காரணத்தில் ஒரு பிள்ளை செத்திருந்தது. நான் படித்ததை வைத்து அதை அந்த நிமிஷத்தில் வெல்ல முடியாது. நேரமும் இல்லை.

சரி, பால் காய்ச்சுவோம் என்றேன்.

ஸ்டேசனுக்கு வெளியே இருந்த தேத்தண்ணீர்க் கடையில் கேட்டால் டின்பால்தான் இருந்தது. அது ஆகாது என்று மாமியார் தலையை ஆட்டினாள். அப்போதுதான் மேடையில் பாத்திரத்தோடு குந்தியிருந்த ஒருவர் என் கண்ணில் பட்டார். கீழ்க் கிராமத்துச் சிங்களவர், தினமும் பதுளைக்கு ரயிலில் பால் அனுப்புகிறவர். எங்களைப் போலவே வராத ரயிலுக்குக் காத்திருந்தார். என் சிங்களம் அப்போது அரைகுறை. பால், புது அறை, பிள்ளை என்று மூன்று சொல்லைக் கையால் காட்டிச் சொன்னேன். நீட்டி விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர்களும் புது வீட்டில் பால் பொங்கவிட்டுத்தான் குடிபோகிறவர்கள். அவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் அறைக்குள் போய்விட்டார். கட்டட வேலைக்காரர்கள் விட்டுப்போன செங்கல்லில் மூன்றைப் போட்டர் கொண்டுவந்து அந்த மெழுகிய சிவப்புத் தரையின் நடுவில் வைத்தார். தேயிலைப் பெட்டிப் பலகை விறகாயிற்று. தேத்தண்ணீர்க் கடைச் சட்டி வந்தது. மாமியார் எழுந்து வந்து, நனைந்த தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அடுப்பு மூட்டினாள். போட்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

பால் கொதிக்க எடுக்கிற நேரம் இருக்கிறதே, அதைப் போல நீளமான நேரத்தை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. கொட்டகைக்கு ஓடுவேன், அவளைப் பார்ப்பேன். அறைக்கு ஓடுவேன், சட்டியைப் பார்ப்பேன். பலகை ஈரம், புகைதான் வருகிறது. குனிந்து நானே ஊதினேன். கண்ணெல்லாம் எரிந்தது. உள்ளூர ஒரு பக்கம் வெட்கம், படித்த பெண் இப்படி அடுப்பூதுகிறாளே என்று. மற்றப் பக்கம், பொங்கு, பொங்கு என்று அந்தப் பாலைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஸ்டேசன் மாஸ்டர் வாசலில் நின்று தன் தரை கறுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

பொங்கியது. சட்டியின் ஒரு பக்கத்தால் வழிந்து செங்கல்லில் சீறியது. எந்தப் பக்கம் என்று மாமியார் கேட்டாள்; சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாத மழையில், கிழக்கு என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அது போதும். ஒரு மடக்குப் பாலை மருமகளின் வாயில் ஊற்றினாள். தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். வாங்கில் படுக்க வைக்க முடியாதே. கண்ணாடிக் கதவில் சேலையைக் கட்டி மறைத்துவிட்டு, தரையில் கம்பளியை விரித்தோம். அடுப்பு எரிந்த இடம் சூடாக இருந்தது. அவள் கால் நடுக்கம் அங்கேதான் நின்றது.

பிள்ளை பெண். வந்ததும் அழுதாள். பிறகுதான் எனக்குப் பயம். நினைத்தது போலவே உதிரம் பெருகத் தொடங்கியது. ஊசி போட்டேன். வயிற்றைப் பிடித்துப் பிசைந்துகொண்டே இருந்தேன். கை ஓய்ந்துபோயிற்று, நான் நிறுத்தவில்லை. அந்தக் கொட்டகையில், ஈரச் சாக்கில், குளிரில் இது நடந்திருந்தால் அவளைக் காப்பாற்றியிருப்பேன் என்று எனக்குத் தைரியம் இல்லை. மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. பின்னேரம் சாய்கிற நேரத்தில் ரயில் வந்தது. தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போனேன். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

பெரியவர் அடுத்த மாதம் வந்தார். தோட்டத்து ஆட்களை வேலைக்கு விடாமல் மாலையோடு வரிசையில் நிறுத்தினார்கள். அவர் மேடையேறி, இந்த ஸ்டேசன் மக்களின் பணத்தில் மக்களுக்காகக் கட்டியது என்று பேசினார். வரிசையில் நின்ற சனத்துக்கு அப்போது ஓட்டு இல்லை, சுதந்திரம் வந்த கையோடு சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கை தட்டச் சொன்னபோது தட்டினார்கள். அறையின் கறுத்த தரைக்கு மேல் மாஸ்டர் ஒரு தும்புப் பாயைப் போட்டிருந்தார். நாடா வெட்டினார்கள், உள்ளே போய்ப் பார்த்தார்கள், வெளியே வந்தார்கள். பிறகு கதவைப் பூட்டி, முதலாம் இரண்டாம் வகுப்புப் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு பலகையை மாட்டினார்கள். திறந்துவைக்கும் வரை திறக்க முடிந்த கதவு அன்றோடு மூடிக்கொண்டது. அந்த ஸ்டேசனில் முதலாம் வகுப்பில் ஏறுகிற பெண் என்று ஒருத்தியை நான் கண்டதே கிடையாது. துரைசானி காரில் போவாள்.

மழை ஓயுமுன் அதே லயத்தில் இன்னொருத்தி. தலைப்பிள்ளை, கால் முகமெல்லாம் வீக்கம். மறுபடியும் நாற்காலி, மறுபடியும் மழை, ரயில் தாமதம். துணைக்கு வந்த பெண்களில் அந்த மாமியாரும் இருந்தாள். மாஸ்டரிடம் கேட்டேன். இந்த முறை அவர் அசையவில்லை. அன்றைக்கு அது இலாகாவின் பொறுப்பில் வராத அறை, இன்றைக்குச் சட்டம் இருக்கிறது, மூன்றாம் வகுப்பு டிக்கெட்டோடு உள்ளே விட்டால் என் வேலை போய்விடும் என்றார். அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், சாவியைக் கொடுக்கவில்லை.

மாமியார்க்காரி என் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். எந்த ஆபீஸ் வாசலிலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்கிறவள் அவள். அன்றைக்கு மாஸ்டரின் மேசை வரைக்கும் போனாள்.

“ஐயா, நாங்க பால் காய்ச்சிக் குடிபோன வீடுங்க அது. எங்க பேத்தி பொறந்த வீடு. எங்க வீட்டத் தொறக்க நாங்க யாருகிட்டங்க கேக்கணும்?”

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அது உண்மை. மாஸ்டர் மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம், குடியிருந்த குவாட்டர்ஸிலெல்லாம் பால் காய்ச்சிவிட்டுத்தான் கால் வைத்திருப்பார். என்னைப் பார்த்தார். நான் அவருக்கு உதவிக்குப் போகவில்லை. லாச்சியைத் திறந்து சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, சிக்னலைப் பார்க்கப் போவது போல வெளியே போனார். அவள் எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ரயில் வந்து, வீங்கிய பெண்ணை ஏற்றிப் போய், அவளும் நல்லபடி பெற்றாள். ஆனால் சாவி மாஸ்டரின் மேசைக்குத் திரும்பவில்லை. வீட்டுச் சாவியைக் கொண்டுபோய் யாராவது ஊரான் மேசையில் வைப்பார்களா? அது அவளுடைய முந்தானை முடிச்சில் லயத்துக்குப் போய்விட்டது. சில மாதங்கள் கழித்து நான் மாஸ்டரிடம் மெல்ல விசாரித்தேன். சாவி தொலைந்துவிட்டது, புதுப் பூட்டு வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினாராம். புதுப்பிக்கிற பணம் முடிந்துவிட்டது, பூட்டுக்கு இந்த வருஷம் ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்ததாம். அடுத்த வருஷம் திரும்பவும் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவர் எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. கதவில் அதே பித்தளைப் பூட்டுத்தான் தொங்கியது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மாற்றலாகிப் போகும்வரை அப்படியே நடந்தது. மழைநாளில் ஒருத்திக்கு வலி கண்டால் லயத்து ஆட்கள் முதலில் சாவிக்கு அவள் வீட்டுக்கு ஓடுவார்கள். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட வருவார்கள். அதில் எனக்குக் கடைசிவரைக்கும் கோபம்தான்.